பாலத்தில் கடை போட்டவள்

எர்மினியா சோக்கே பாலம் தாண்டி அர்ஜென்டினாவுக்குள் வந்து சேர்ந்தபோது அவளுடைய அஹாயு கூட வரவில்லை. அது பொலிவியாப் பக்கத்துக் கரையிலேயே நின்றுவிட்டது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை, பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். பொலிவியாவின் வியாசோன் ஊரையும் அர்ஜென்டினாவின் லா கியாக்கா ஊரையும் சேர்க்கிற பாலத்தில் புருஷன் செனோன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, எர்மினியா இரண்டு பைகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். மாவு ஏற்றிய லாரி ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டதில் உடம்பு முன்னால் குதித்தது, அஹாயு பின்னால் குதித்தது. பைகள் உடம்போடு போய்விட்டன. எல்லைச் சாவடியில் உடம்பின் காகிதங்களைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பினார்கள். மற்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆளுக்குள் இருந்துகொண்டு சிரிப்பதும் ருசி பார்ப்பதும் சண்டைக்குக் கிளம்புவதும் எதுவோ அதைத்தான் நாங்கள் அஹாயு என்கிறோம். அது இல்லாமலும் ஒருத்தி நடமாடலாம், வியாபாரம் பார்க்கலாம், பிள்ளை பெறலாம். எர்மினியா மூன்றையும் செய்தாள்.

ஊரில் இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. குழந்தை படியில் தவறி விழுந்து அஹாயு இறங்கிவிட்டதென்றால், அம்மாக்காரி அதன் சட்டையை எடுத்துக்கொண்டு விழுந்த இடத்துக்குப் போவாள். சட்டையை வீசி வீசிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், கொஞ்சம் மிட்டாய் காட்டுவாள், சாயங்காலத்துக்குள் குழந்தை பழையபடி அடம் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் விழுந்த இடம் ஒரு நாட்டிலும் விழுந்த ஆள் இன்னொரு நாட்டிலும் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைத்துவிட்டுப் போகவில்லை. அந்தக் காலத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு தூரம் போகவில்லை. புவெனஸ் அயர்ஸின் மேற்கோரத்தில், நீண்டதூர பஸ்கள் வந்து நிற்கும் எங்கள் லினியெர்ஸில் பாதிப் பேர் எதையாவது விட்டுவிட்டு வந்தவர்கள்தான். தையற்காரர் ஒருவருக்குத் தூக்கம் கொச்சபம்பாவில் நின்றுவிட்டது. அவர் வருஷக்கணக்கில் விழித்தபடியே பேன்ட் தைத்தார். செனோனின் சித்தப்பாவுக்கு விசில் அடிக்கிற திறமை மட்டும் ஒருரோவில் தங்கிவிட்டது. அஹாயுவை முழுதாக விட்டுவிட்டு வந்தவள் எர்மினியா ஒருத்திதான் என்று அப்போது நினைத்தோம்.

அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நடைபாதைக் கடை போட்டாள். பூண்டு, லொக்கோத்தோ மிளகாய், பனியில் உறையவைத்து வெயிலில் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்கு. சரக்கில் குறை இல்லை, எடையில் குறை இல்லை. ஆனால் வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டுக்குப் போனதும் யாரிடம் வாங்கினோம் என்பதை மறந்துபோனார்கள். சாப்பாட்டில் அவளுக்கு ருசி தெரியவில்லை. சூப்பில் செனோன் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை போட்ட அன்றும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தாள். தானாகத் திறக்கும் கதவுகள் அவளுக்கு மட்டும் திறக்கவில்லை. மருந்துக்கடையிலும் வங்கியிலும் கண்ணாடிக்கு முன்னால் நின்று யாராவது வரும்வரை காத்திருப்பாள், அவர்கள் முதுகை ஒட்டியே உள்ளே நுழைவாள். மூலையில் இருந்த சூப்பர் மார்க்கெட்டின் கதவும் அப்படித்தான். அதன் முதலாளி ஜுவாங் சீனாவின் ஃபுஜியான் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர், முட்டை விலையை ஏற்றுவதற்குப் பெயர்போனவர். அவர் எப்போதும் பின்வாசல் வழியாகவே வந்துபோவார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பொலிவியாவின் எல் ஆல்தோவில் இருந்த அக்கா பிரிமித்திவா வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். "எப்படிடி இருக்கே?" என்பாள். "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்பாள் எர்மினியா. இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. லினியெர்ஸிலிருந்து ஊருக்குப் போகிற எல்லாப் போன்களிலும் அந்த ஒரே வாக்கியம்தான் போய்க்கொண்டிருந்தது. வாடகை கொடுக்க முடியாதவனும் அதைத்தான் சொன்னான், காதலி ஓடிப்போனவனும் அதைத்தான் சொன்னான். அங்கிருந்தவர்களும் பதிலுக்கு அதையே சொன்னார்கள்.

விஷயம் வெளியே வந்தது பஸ் பயணிகளால். ஒரு நாள் வடக்கேயிருந்து வந்து இறங்கிய ஒரு அம்மாள் பூண்டு பொறுக்கிக்கொண்டே எர்மினியாவை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, முந்தாநாள்தானே உன்னை வியாசோன்ல பாத்தேன்? பாலத்தடியில ஜெல்லி வித்துக்கிட்டு இருந்தே. எனக்கு முன்னாடி எப்படி இங்க வந்து சேந்தே?"

"அது நான் இல்லக்கா."

"நீ இல்லையா? அதே மூக்கு, அதே தொப்பி. ஆனா ஒண்ணு, அவ நல்லா பூசுன மாதிரி இருந்தா. சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு, பஸ்ஸுக்குள்ள ஜன்னல சாத்திக்கிட்டு இருந்த எங்களுக்கே கேட்டுச்சு."

எர்மினியா பூண்டை நிறுத்துக் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் செனோனிடம், "நான் முன்னாடி சத்தமா சிரிப்பேனா?" என்று கேட்டாள். கட்டட வேலையிலிருந்து வந்த செனோன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "நீ சிரிச்சா பக்கத்துத் தெரு நாய் குரைக்கும் புள்ள" என்றான். சொல்லிவிட்டு, கழுவிய மண்வெட்டியையே மறுபடியும் கழுவினான். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவன் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தான்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு சேதியாவது வந்தது. அஹாயு நன்றாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் டம்ளரில் சிவப்பு ஜெல்லி, மேலே அடித்த முட்டை வெள்ளை நுரை. எல்லை தாண்டுகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் தாண்டுவதில்லை. திருவிழா வந்தால் ஆட்டக் கோஷ்டியில் முன்வரிசையில் ஆடியது. எர்மினியாவின் அம்மா இறந்த தகவல் வந்தபோது லினியெர்ஸில் எர்மினியாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, எழுந்து போய்க் கடையைத் திறந்தாள். வியாசோனில் அஹாயு கடையை மூடிவிட்டுப் பாலத்தடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதது. எர்மினியாவுக்கு அதன்மேல் பொறாமை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பொறாமைகூட லேசாகத்தான் வந்தது, அவ்வளவுக்கே அவளுக்குச் சக்தி இருந்தது. பஸ் டிரைவர்கள் மூலமாக அஹாயுவை வந்துவிடச் சொல்லி அனுப்பினாள். பதில் சுடச்சுட வந்தது. "அங்க தக்காளி தண்ணி மாதிரி இருக்காமே, உருளைக்கெழங்குல ரெண்டே ரகம்தானாமே. நான் எதுக்கு வரணும்? அவளை இங்க வரச் சொல்லு. அதுவும் போக, பேப்பர் இல்லாம என்னை யாரு விடுவா?"

இப்படியே காலம் போயிருக்கும். மகள் அபிகாயில்தான் அதைப் போகவிடவில்லை. லினியெர்ஸில் பிறந்து நடைபாதையில் பூண்டுச் சருகுக்கு நடுவில் வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது நெருங்கும்போது ஒரு மத்தியானம் அது பக்கத்துக் கடையில் விளையாடிவிட்டு ஓடி வந்தது. பூண்டைப் பார்த்தது, மிளகாயைப் பார்த்தது, எர்மினியா உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தது. திரும்பிப் போய்ப் பக்கத்துக் கடைக்காரியிடம், "அம்மா எங்க போச்சு?" என்று கேட்டது.

"இங்கதான்டி இருக்கேன்" என்றாள் எர்மினியா.

குழந்தை குரல் வந்த பக்கம் திரும்பியது. அம்மாவின் முகத்துக்கு நேராகப் பார்த்தது, முகத்தைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. பிறகு அம்மாவைத் தேடிக்கொண்டு தெருக்கோடிவரை போனது. கண்ணாடிக் கதவுகள் தன்னை எப்படிப் பார்த்தனவோ அப்படியே பார்த்தது என்று எர்மினியா பின்னாளில் சொன்னாள். அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது. அழுவது வியாசோனில் இருந்தது.

செனோன் மறுநாளே வடக்கே போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கி வந்தான். "போய் அதோட சேந்துட்டு வா. நான் புள்ளையைப் பாத்துக்கறேன்."

"போனா வர மாட்டேன்யா."

"ஏன் வர மாட்டே?"

"அது என்னை விடாது. அது எவ்வளவு பிடிவாதம்னு எனக்குத் தெரியாதா? அம்மா வயித்துலேர்ந்தே கூட இருக்கேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டதை எடுத்துவரப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. கொச்சபம்பாவுக்குத் தூக்கத்தைத் தேடிப் போன தையற்காரர் அங்கே அதோடு படுத்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அஹாயுதான் இங்கே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அபிகாயிலுக்கு அம்மா இல்லை. வேறு வழி கிடையாது.

வழி சொன்னவர் தோன் காலிக்ஸ்தோ. குக்கர் ரிப்பேர் செய்கிறவர், விசேஷ நாட்களில் மந்திரிக்கிறவர். ஜனவரி இருபத்து நாலாம் தேதி அலசீத்தாஸ் சந்தை கூடும். வேண்டியதை அன்றைக்குச் சின்னதாக வாங்க வேண்டும்: வீடு வேண்டுமென்றால் தீப்பெட்டி அளவு வீடு, கார் வேண்டுமென்றால் விரல் நீளக் கார். மத்தியானம் சரியாகப் பன்னிரண்டுக்குச் சாம்பிராணிப் புகையில் காட்டி, சாராயமும் பூவிதழும் தெளித்து வாங்கிவிட்டால், வருஷத்துக்குள் அது உரியவர் கைக்கு வந்து சேரும். லினியெர்ஸ்காரர்கள் எவ்வளவு தூரம் வந்தும் இந்த வழக்கத்தை விடவில்லை, பக்கத்துப் பூங்காவிலேயே சந்தை போட்டார்கள். "எந்த ஆபீஸும் அஹாயுவுக்குப் பேப்பர் கொடுக்காது" என்றார் காலிக்ஸ்தோ. "நம்ம சந்தையில கொடுப்பான்." அப்படித்தான் கட்டைவிரல் நகம் அளவில் ஓர் அர்ஜென்டின அடையாள அட்டை எர்மினியா சோக்கே பெயரில் வாங்கப்பட்டது. முகம் தெரியாத அளவுக்குச் சின்னதாக அவள் படம்கூட அதில் ஒட்டியிருந்தது.

முதல் வருஷம் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். பிரிமித்திவா அக்கா எல் ஆல்தோவிலிருந்து வியாசோனுக்கு இறங்கி வந்து, தங்கையின் பழைய ரவிக்கையோடும் போனோடும் பாலத்தடியில் நின்றாள். இங்கே பூங்காவில் மணி பன்னிரண்டு அடித்ததும் காலிக்ஸ்தோ அட்டையைப் புகையில் காட்டினார். போனை வாங்கிக் கூப்பிட ஆரம்பித்தார். "வாம்மா, வா கண்ணு. இங்க எல்லாம் நல்லா இருக்கு. குளிரே கிடையாது. சனங்க தங்கம். தக்காளி கடிச்சா தேனா ஒழுகும்." பக்கத்தில் நின்ற எர்மினியா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அங்கே அஹாயு தன் ஏப்ரன் பையில் கை விட்டபோது நகம் அளவு அட்டை கிடந்தது. அதை வெயிலில் தூக்கிப் பார்த்தது. ஜெல்லிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. "ஏறிடுச்சுடி, ஏறிடுச்சு!" என்று அக்கா போனில் கத்தினாள். நாங்கள் கைதட்டினோம். பிறகு அக்காவின் குரல் இறங்கியது. "பாதியில நின்னுடுச்சு" என்றாள். "மோந்து மோந்து பாக்குது. சட்டிய கீழ எறக்கி வச்சிடுச்சு. அய்யோ, கடை போடுதுடி!"

அடுத்த ஒரு வருஷமும் அது அங்கேதான் கடை போட்டிருந்தது, பாலத்துக்கு நட்டநடுவில், இந்த நாட்டிலும் இல்லாமல் அந்த நாட்டிலும் இல்லாமல். இரண்டு பக்கத்துச் சாவடிக்காரர்களும் அங்கே வந்து ஜெல்லி சாப்பிட்டார்கள். இங்கே எர்மினியாவுக்கு எல்லாம் பாதி பாதியாக நடந்தது. தானாகத் திறக்கும் கதவுகள் பாதி திறந்து நின்றன, அவள் ஒருக்களித்து நுழைந்துகொண்டாள். சூப்பில் உப்பு தெரிந்தது, காரம் தெரியவில்லை. அபிகாயிலுக்கு அம்மா காலையில் தெரிவாள், மத்தியானத்துக்குமேல் தெரியமாட்டாள். பள்ளி விட்டு வந்து வீட்டுக்குள் தேட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கிடைத்தபிறகு இல்லாமல் போவது அடியோடு இல்லாததைவிட மோசம் என்று எர்மினியா அந்த வருஷம் தெரிந்துகொண்டாள்.

தவறு எங்கே என்று லினியெர்ஸில் வாதம் நடந்தது, இன்றைக்கும் முடிந்தபாடில்லை. காலிக்ஸ்தோ தலையில் அடித்துக்கொண்டு தன் பிழையைக் கண்டுபிடித்தார். இங்கே பன்னிரண்டு என்றால் பொலிவியாவில் பதினொன்று. தினமும் ஊருக்குப் போன் பண்ணுகிற நாங்கள் எல்லோருமே அந்த ஒரு மணி நேரத்தை மறந்துபோயிருந்தோம். இங்கத்திய உச்சிவேளையில் மட்டும் வாங்கிய ஆசி பாதிப் பாலத்துக்குத்தான் செல்லும், அந்த அட்டையால் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? எர்மினியா இதை ஒத்துக்கொண்டாள், ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. "அது நின்னது மணியால மட்டும் இல்ல. பொய் வாடை அடிச்சிருக்கும். நானா இருந்தாலும் அங்கயே நின்னிருப்பேன்" என்றாள். வருஷக்கணக்கில் அவள் சொந்தமாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான்.

மறு வருஷம் அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. புதிதாக ஓர் அட்டை வாங்கினாள். பன்னிரண்டு அடித்ததும் காலிக்ஸ்தோவின் புகைச்சட்டிக்குமேல் அதைப் பிடித்தாள், கையை எடுக்கவில்லை. "ஊர்ல பன்னெண்டு ஆகறவரைக்கும் இப்படியே நிப்பேன்" என்றாள். ஜனவரி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரம் கையைத் தூக்கிப் பிடிப்பது விளையாட்டில்லை. செனோன் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். போனை இன்னொரு கையில் வாங்கி, அந்தப் பக்கம் மறுபடியும் வந்திருந்த அக்கா ஒலிபெருக்கியில் போட்டுப் பாலத்தின் நடுவில் நீட்டியதும், எர்மினியா பேசினாள். சந்தை முழுக்கக் கேட்டது.

"ஏய், நான்தான் பேசறேன். போன வருஷம் காலிக்ஸ்தோ ஐயா சொன்னது அத்தனையும் பொய். நானும் தலையாட்டிக்கிட்டு நின்னேன். இப்ப கேட்டுக்கோ. இங்க தக்காளி தண்ணிதான். ஜூலை மாசம் ஈரம் எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். பஸ்ல என் பக்கத்து சீட்டு காலியாவே வரும், சில பேரு நின்னுக்கிட்டே வருவாங்களே தவிர உக்கார மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா எங்க போறதுன்னே தெரியாது."

"அம்மாவுக்கு நான் அழுதேன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அது எர்மினியாவின் குரல்தான், ஆனால் கனமாக இருந்தது. "நீ அழல."

"எதை வச்சு அழறது? அழறதெல்லாம் நீதானே வச்சிருந்தே."

போனில் பாலத்து லாரிகள் போவது கேட்டது.

"நீ வந்தா உனக்கும் இதேதான்" என்றாள் எர்மினியா. "உன்னை ஒண்ணும் தாங்க மாட்டேன். ஆனா இங்க ஒரு பொண்ணு இருக்கா. நான் எதிர்ல உக்காந்திருக்கும்போதே என்னைத் தேடறா. அவளுக்குப் பாதி அம்மா போதாதுடி. வரியா, வர மாட்டியா? வரலைன்னா அந்த ஜெல்லிச் சட்டியோட அங்கயே கிட."

"தக்காளி தண்ணின்னு நீயே ஒத்துக்கறே?"

"ஒத்துக்கறேன்."

"அப்ப சரி. நான் வெதை எடுத்துட்டு வரேன்" என்றது அஹாயு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சந்தையில் என்ன ஆனதென்றால், ஒவ்வொருவராகப் போனை எடுத்து ஊருக்குப் பேச ஆரம்பித்தார்கள். செனோன் ஒரு கையால் பெண்டாட்டியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டே தன் அண்ணனிடம், "அந்தக் கார் என்னுது இல்லண்ணே, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன்" என்றான். "தெரியும்டா, கண்ணாடிக்கு உள்ள வேற ஆளு உக்காந்திருந்தான்" என்றான் அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு அண்ணன் தன் சர்க்கரை நோயைச் சொன்னான். ஒருத்தி தன் அம்மாவிடம் தான் தனியாக இருப்பதைச் சொன்னாள். இன்னொருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு விசும்பினான், அந்தப் பக்கத்திலும் விசும்பல் கேட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் லினியெர்ஸிலிருந்து ஊருக்குப் போன அளவு உண்மை அதற்கு முந்தின பத்து வருஷத்தில் போகவில்லை. மணி ஒன்றானது. பொலிவியாவில் பன்னிரண்டு. எர்மினியா கையை இறக்கினாள்.

எல்லைச் சாவடியில் நடந்தது பிரிமித்திவா அக்கா சொல்லக் கேட்டது: அதிகாரி நகம் அளவு அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், அஹாயுவைப் பார்த்தார், "போட்டோ பழசா இருக்கே, இப்ப நல்லா சதை போட்டிருக்கீங்க" என்றார், உள்ளே விட்டார். அது லா கியாக்காவில் பஸ் ஏறியது. ஜன்னலோர சீட்டுக்காக ஒருவரோடு சண்டை போட்டு ஜெயித்தது.

மறுநாள் பஸ் லினியெர்ஸுக்கு வந்தபோது தெருவில் கூட்டம். எர்மினியா வரவேற்கப் போகவில்லை, வியாபார நேரம் என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். அஹாயு சட்டியைச் சுமந்துகொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. கடைக்கு முன்னால் நின்று பூண்டை ஒரு பார்வை பார்த்தது. "இதுக்கா இவ்வளவு வருஷம்?" என்றது. "நவுந்து உக்காரு" என்றது. எர்மினியா முக்காலியில் நகர்ந்து இடம் விட்டாள். அது உட்கார்ந்தது. அதற்கப்புறம் முக்காலியில் ஒருத்திதான் இருந்தாள், இடுப்பு முன்பைவிட அகலமாக.

முதலில் அவள் அம்மாவுக்காக அழுதாள். வருஷங்களாகச் சேர்ந்துபோன அழுகை, நடைபாதைச் சாக்கடை அதைத் தாங்கவில்லை. பிறகு யாரோ கொடுத்த, கறி அடைத்த சால்தெனியா அப்பத்தைக் கடித்து, "இதுல உப்பே இல்ல, எவ செஞ்சா இதை?" என்று கேட்டாள். செய்தவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் பள்ளிக்கூட விடுமுறையில் தெருக்கோடியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த அபிகாயில் வந்தது. மத்தியானம் தாண்டியிருந்தது. செனோன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். குழந்தை இங்கே அங்கே பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து நேராக வந்து எர்மினியாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ம்மா, பசிக்குது" என்றது.

எர்மினியா சிரித்தாள். பக்கத்துத் தெருவில் நாய் குரைத்தது. அந்தச் சிரிப்பில் மூலைக்கடை சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவு தடாலென்று இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. அடுத்து மருந்துக்கடை, அதற்கடுத்து பூட்டியிருந்த வங்கி, நிறுத்தியிருந்த டாக்ஸிகள், ஐஸ் பெட்டிகள், தேவாலயத்தின் பெரிய மரக்கதவு, மாடியில் தொங்கிய கிளிக்கூண்டு. எந்த இயந்திரமும் பொருத்தாத கதவுகளும் திறந்தன. மூடுவதற்குச் சாயங்காலம் ஆயிற்று. கிளி மட்டும் திரும்பி வரவில்லை.

அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. எர்மினியா தெருவில் வருகிறாள் என்றால் கடைக்காரர்கள் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிடுவார்கள், கதவு திறந்துகொண்டு காற்றில் சாமான் பறக்காமல் இருக்க. அவள் இன்றைக்கும் தக்காளியைத் திட்டுகிறாள், மொட்டைமாடியில் தொட்டி வைத்துத் தன் விதையில் வந்த தக்காளியைத்தான் சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் ஞாபகம் வந்தால் நன்றாக வாய்விட்டு அழுகிறாள், பிறகு சாப்பிடுகிறாள். பிரிமித்திவா அக்கா போன் பண்ணி எப்படி இருக்கே என்றால் அரை மணி நேரம் குறை சொல்கிறாள். அக்காவும் அந்த அரை மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கிறாள்.

ஜுவாங் வந்தது, அஹாயு வந்த வாரத்தின் கடைசியில். பூண்டு வாங்குகிற சாக்கில் நின்றார். எல்லோரும் போனபிறகு, அந்தச் சின்ன அட்டை ஃபுஜியான்காரர்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார். அவருடைய சொந்தக் கடைக் கதவு அவருக்கு ஒருநாளும் திறந்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எர்மினியா அவரை உட்காரவைத்து ஒரு டம்ளர் ஜெல்லி கொடுத்தாள். "கிடைக்கும். ஆனா ஊருக்குப் போன் பண்ணி நெஜத்தைச் சொல்லணும். அது உங்களால ஆகுமா?" என்றாள். ஜுவாங் யோசித்துவிட்டு, "கஷ்டம்தான்" என்றார்.

இப்போது எங்கள் சந்தை நீளமானது. அங்கத்திய உச்சிவேளைக்கும் இங்கத்திய உச்சிவேளைக்கும் நடுவில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அட்டையைப் பிடித்து நிற்க வேண்டும் என்பது விதி. கைக்கடிகாரம் விற்கிற செனகல்காரர்கள் காலை ஒன்பதுக்கே வந்து நிற்கிறார்கள், நாங்கள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை. சீனாக்காரர்கள் நேரத்தைக் கேட்டால் தலை சுற்றும், அவர்கள் மடக்கு நாற்காலியும் வென்னீரும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஜுவாங் அம்மாவிடம் போனில் நிஜத்தைச் சொல்லி, தன் முறை முடிந்து எழுந்தபோது கை மரத்துப்போயிருந்தது. விட்டுவந்தது வந்து சேர்ந்த அன்று சொந்தக் கடையின் முன்வாசலுக்கு நடந்து போனார். கதவு திறந்தது. உள்ளே போய், அம்மாவுக்கு மறுபடியும் போன் போட்டு முதுகுவலியைப் பற்றி வெகுநேரம் பேசினார், பிறகு வெளியே வந்து முட்டை விலையை ஏற்றி எழுதிவைத்தார். இப்போதெல்லாம் தெருவில் ஒருவரும் இல்லாதபோதே அந்தக் கதவு படாரென்று திறந்துகொண்டால், எர்மினியா சண்டைக்குக் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்து, அவர் செங்கல்லை எடுத்துவரப் போகிறார்.